தமிழ்ப் பாட்டை பாரிஸ் பியானோவுக்குக் கொண்டுபோன பிரெஞ்சுக்காரர்: யார் இந்த மொரீஸ் டெலாஜ்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் சுமார் 35 கிலோமீட்டரில் மரக்காணம் வந்துவிடும். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளப் பாத்திகள், வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள். மாமல்லபுரம் போகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் கரைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பழைய கணக்கு வழக்கு நிறைய இருக்கிறது. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, 1750ல் புதுச்சேரி கவர்னர் டூப்ளேவுக்குக் கிடைத்தது. பத்தே வருஷத்தில், 1760ல், ஆங்கிலேயர் அதைப் பறித்துக்கொண்டார்கள். உப்பிலும் அதே கதைதான். 1815லும் 1818லும் போட்ட ஒப்பந்தங்களால் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வியாபாரமே ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடலை வாசலிலேயே வைத்துக்கொண்டு, புதுச்சேரிக்காரர்கள் உப்புக்கு ஆங்கிலேயரை எதிர்பார்க்க வேண்டிய நிலை.

கோட்டை, உப்பு, ரொட்டி, மஞ்சள் சுவர் வீடுகள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் வரும். இதில் யாரும் சேர்க்காத ஒன்று இருக்கிறது. அது ஒரு பாட்டு. சென்னையில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பாடகியின் குரல், கிராமபோன் தட்டில் ஏறி பாரிஸுக்குப் போய், அங்கே மேற்கத்திய செவ்வியல் இசைப் பிரதியாக அச்சாகி வெளிவந்தது. அதுவும் தமிழ் வரிகளோடு.

அதைச் செய்தவர் பெயர் மொரீஸ் டெலாஜ்.

மீன் வியாபாரத்திலிருந்து இசைக்கு

டெலாஜ் பிறந்தது 1879 நவம்பர் 13ல், பாரிஸில். வசதியான குடும்பம். ஷூ பாலிஷ் தயாரிப்பது குடும்பத் தொழில். மேற்கத்திய இசையமைப்பாளர் என்றாலே ஐந்து வயதில் பியானோ, பத்து வயதில் கச்சேரி என்று ஒரு கதை இருக்குமே, அது இவருக்கு இல்லை. பாரிஸில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. பிறகு வடக்குக் கடலோர ஊரான பூலோனில் மீன் வியாபாரம். நடுவில் ராணுவத்திலும் கொஞ்ச காலம். இருபதைத் தாண்டிய பிறகுதான் இசை இவரைப் பிடித்தது.

பிடித்த விதமும் அந்தக் காலத்து பாரிஸ் இளைஞர்கள் பலருக்கு நடந்ததுதான். 1902ல் க்ளோட் டெபுஸியின் ‘பெலியாஸ் எ மெலிசாந்த்’ என்ற ஓபரா அரங்கேறியது. ஓபரா என்றால் உச்சஸ்தாயியில் முழங்க வேண்டும் என்று இருந்த இடத்தில், பேசுவது போலவே பாடும் ஒரு இசையை டெபுஸி கொண்டுவந்தார். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. மீதிப் பேருக்குப் பைத்தியமே பிடித்தது. டெலாஜ் அந்த இரண்டாவது கூட்டத்தில் ஒருவர். முறையாக சங்கீதம் படிக்காதவர், காதால் கேட்டே பியானோவில் வாசிக்கிறவர், இனி இசைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

குரு யார்? மொரீஸ் ராவெல். ‘பொலேரோ’ என்ற ஒரே இசைக்காகவே உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் அதே ராவெல். சீடரைவிட நாலு வயசுதான் பெரியவர். ராவெல் அதிகம் பேருக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. அவரிடம் நேரடியாகக் கற்ற ஒரு சிலரில் டெலாஜ் ஒருவர். குரு சிஷ்யன் என்பதைவிட இவர்கள் நண்பர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ராவெலின் புகழ்பெற்ற பியானோத் தொகுப்பான ‘மிர்வார்’, அதாவது ‘கண்ணாடிகள்’, ஐந்து பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதியான ‘மணிகளின் பள்ளத்தாக்கு’ டெலாஜுக்குத்தான் சமர்ப்பணம்.

பாரிஸின் ‘ரவுடிகள்’

ராவெலைச் சுற்றி ஒரு கும்பல் இருந்தது. இசைக்காரர்கள், கவிஞர்கள், ஓவியர்கள் எல்லாம் கலந்த கூட்டம். பெயர் ‘அபாஷ்’. அந்தக் கால பாரிஸில் தெரு ரவுடிகளுக்கு அப்படி ஒரு பெயர். ஒருநாள் இவர்கள் கூட்டமாகத் தெருவில் வந்தபோது, பேப்பர் விற்கும் பையன் ஒருவன் இவர்களைப் பார்த்து அப்படிக் கத்த, அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள் என்பது கதை. ஒருவரை ஒருவர் அடையாளம் காண ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் இரண்டாவது சிம்பொனியின் தொடக்க மெட்டை விசில் அடிப்பார்களாம்.

கூட்டம் கூடினால் விடியவிடிய பியானோ. அக்கம்பக்கத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? அதற்கு வழி செய்தவர் டெலாஜ். பாரிஸின் ஓத்தோய் பகுதியில், ஒரு தோட்டத்துக்குள் தனியாக இருந்த ஒரு சிறிய வீட்டை எடுத்தார். சத்தம் யாருக்கும் கேட்காது. அபாஷ் கும்பலின் நிரந்தர அடாவே அதுதான். பின்னாளில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ரஷ்யர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியும் அந்த வட்டத்தில் சேர்ந்தார். தன் ‘மூன்று ஜப்பானியக் கவிதைகள்’ இசையில் முதலாவதை டெலாஜுக்குச் சமர்ப்பித்தார். அந்தப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்ததும் டெலாஜ்தான்.

டெலாஜ் எழுதியது கொஞ்சம். ஆனால் அவர் எழுதிய ஒரு படைப்பு நிராகரிக்கப்பட்டதால் பிரெஞ்சு இசை உலகமே இரண்டாகப் பிளந்தது என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தது இதுதான். ‘கடல் சொன்னது’ என்ற பொருள் வரும் தலைப்பில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இசையை எழுதி, தேசிய இசைச் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கம் பழமைவாதிகள் கையில் இருந்தது. முறையாகப் படிக்காதவர் எழுதியதை மேடையேற்ற மறுத்துவிட்டது. ராவெலுக்கு வந்தது கோபம். நண்பர்களோடு சேர்ந்து சுயேச்சை இசைச் சங்கம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். பெரியவர் கப்ரியேல் ஃபோரே தலைவர். 1910 ஏப்ரல் 20ல் முதல் கச்சேரி. நிராகரிப்புக்கு வேறு காரணங்களும் சேர்ந்தே இருந்தன. சங்கத்தின் மேல் ராவெலுக்கு ஏற்கனவே மனக்கசப்பு உண்டு. ஆனால் கடைசியாகத் தீப்பற்ற வைத்தது டெலாஜின் அந்த இசைதான்.

இந்தியாவுக்கு எதற்கு வந்தார்?

இசை ஆராய்ச்சிக்கு என்று நினைத்தால் தப்பு. 1911 கடைசியில் தொடங்கி 1912 வரை நீண்ட அந்தப் பயணம், பெற்றோரோடு குடும்ப வியாபாரத்தை ஒட்டி வந்த பயணம். இந்தியா, பிறகு ஜப்பான்.

டெலாஜுக்கு முன்பே பிரெஞ்சு இசைக்கு இந்தியா மேல் ஆசை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே கட்டிய கோட்டை. 1863ல் ஜார்ஜ் பிஸே இலங்கையில் நடப்பதாக ‘முத்துக் குளிப்பவர்கள்’ ஓபராவை எழுதினார். 1883ல் லியோ டெலிப் இந்தியாவில் நடப்பதாக ‘லாக்மே’ எழுதினார். இரண்டுமே காதுக்கு இனிமை, ஆனால் இரண்டிலும் நம்ம ஊர் சங்கீதம் என்று ஒன்றுமே கிடையாது. இந்தியப் பெயர் வைத்த பிரெஞ்சு இசை, அவ்வளவுதான். இங்கே வந்து பார்த்து எழுதியவர் ஆல்பெர் ரூசெல். கடற்படை அதிகாரியாக இருந்தவர், 1909ல் தேனிலவுப் பயணமாக இந்தியா வந்தார். எல்லோரா, ஜெய்ப்பூர், காசி பார்த்துவிட்டுப் போய் ‘எவொகாசியோன்’ எழுதினார். சித்தூர் பத்மாவதி கதையை 1923ல் ஓபராவாக மேடையேற்றினார்.

டெலாஜ் வேறு மாதிரி. அவர் கேட்டதை அப்படியே காதில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். பயணத்தின்போது இந்திய இசையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் 1912ல் பாரிஸ் இசை இதழ் ஒன்றில் வெளியானது. கூடவே இன்னொரு வேலையும் செய்தார். இங்கே கிடைத்த கிராமபோன் தட்டுகளை வாங்கிச் சேர்த்தார். இந்தக் கதையில் எல்லாவற்றையும் மாற்றியது அந்தத் தட்டுகள்தான்.

அந்தக் காலத்து சென்னையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் சரக்குப் படகு ஓடிய காலம். ஆந்திரக் கடலோரத்திலிருந்து வரும் அந்தக் கால்வாய் தெற்கே முடிகிற இடமே நம்ம மரக்காணம்தான். உப்பும் விறகும் படகில் ஏறி நகரத்துக்குப் போயின. அதே நகரத்தில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் பாடகர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

யார் இந்த கோயம்புத்தூர் தாயி?

இந்தியாவில் வணிக ரீதியாக ஒலிப்பதிவு தொடங்கியது 1902ல், கல்கத்தாவில், கௌஹர் ஜானின் குரலோடு. அடுத்த சில ஆண்டுகளில் பதிவுக் குழுக்கள் தெற்கேயும் வந்தன. ஆனால் இங்கே பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். கருவிக்கு முன்னால் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம். மூன்று நிமிஷத்துக்குள் எப்படி ராகம் பாடுவது என்ற சங்கடம். கண்ட கண்ட இடத்தில் எல்லாம் தன் பாட்டு ஒலிக்குமே என்ற கௌரவப் பிரச்சினை வேறு.

தயங்காமல் முன்வந்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்த முதல் வரிசையில் வந்தவர்தான் கோயம்புத்தூர் தாயி. இயற்பெயர் பழனிகுஞ்சரம். பிறந்தது 1872. கோவையிலிருந்து சென்னைக்கு வந்து புகழ்பெற்றவர். நூற்றுக்கணக்கான தட்டுகள் அவர் பெயரில் வெளிவந்தன. கிட்டத்தட்ட அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போதைய பதிவு முறையைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மைக் கிடையாது. மின்சாரப் பதிவு வந்தது 1925 வாக்கில்தான். ஒரு பெரிய தகரக் குழலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாட வேண்டும். சத்தத்தின் அதிர்வு நேராக ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். தப்பு வந்தால் திருத்த முடியாது, மறுபடி முதலிலிருந்துதான். மேடையில் ஒரு மணி நேரம் விரியும் விஷயத்தை மூன்று நிமிஷத்தில் சுருக்க வேண்டும். தொடக்க காலத்தில் அந்த மெழுகு ஜெர்மனியின் ஹனோவர் வரை போய், தட்டாகி, கப்பலில் திரும்பி வந்தது. 1908ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் அந்த அலைச்சல் நின்றது.

இப்படிப் பதிவான தாயியின் தட்டுகளில் ஒன்று, ஒரு தமிழ் பக்திப் பாடலின் ராகமாலிகை. ஒரே பாட்டை ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ராகம் என்று மாற்றி மாற்றிப் பாடுவது ராகமாலிகை. நம்ம வீட்டு கல்யாணக் கச்சேரியில்கூட கேட்டிருப்போம். அதைக் கேட்டுத்தான் டெலாஜ் ஆடிப்போனார்.

பியானோவில் கமகம் வருமா?

அவருக்கு என்ன அதிசயம் அதில்? கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்ப்போம். ரொம்பக் கஷ்டம் இல்லை.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. மாடிப்படி மாதிரி. ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், நடுவில் நிற்க முடியாது. கர்நாடக சங்கீதத்தில் உயிர் இருப்பதே அந்த நடுவில்தான். ஸ்வரம் ஒரு புள்ளியாக நிற்காது. அசையும், வழுக்கும், மேலே தொட்டு கீழே இறங்கும். இதுதான் கமகம். தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியே இல்லை என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்லிவிடுவார்.

ஐரோப்பிய முறையில் இசையை எழுதுவதும் அந்தப் படிக்கட்டுக் கணக்குதான். ஐந்து கோடு, அதன் மேல் புள்ளிகள். சென்னையில் சின்னசாமி முதலியார் 1890களிலேயே கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி வெளியிட முயன்றார். அவருக்கும் இதே தலைவலிதான். புள்ளியை எழுதலாம், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருக்கும் வழுக்கலை எப்படி எழுதுவது?

டெபுஸி 1889ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜாவா கமெலான் இசையைக் கேட்டு மயங்கினார். ஆனால் அவருக்கு மிஞ்சியது நினைவு மட்டும். டெலாஜிடம் தட்டு இருந்தது. ஒரே இடத்தை ஐம்பது தடவை திருப்பித் திருப்பி வைத்துக் கேட்கலாம். ரிகார்டு வைத்துக் கேட்டு, குறித்து, அதிலிருந்து இசை எழுதிய ஐரோப்பியர்களில் அவர் மிக முந்தியவர்களில் ஒருவர். இன்றைக்கு ‘சாம்பிள்’ எடுப்பது என்கிறோமே, அதன் தாத்தா என்றுகூடச் சொல்லலாம்.

நான்கு கவிதைகள், நான்கு ஊர்கள்

முதல் விளைவு ‘காத்ர் பொயெம் இந்து’. நான்கு இந்துக் கவிதைகள் என்று பொருள். அந்தக் காலப் பிரெஞ்சில் இந்து என்றால் இந்தியா சம்பந்தப்பட்டது என்றுதான் அர்த்தம், மதம் அல்ல. 1912, 1913ல் எழுதியது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஊர்ப் பெயர்: மெட்ராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர். ஆமாம், முதல் பாட்டே நம்ம மெட்ராஸ்.

ஒரு பெண் குரல், புல்லாங்குழல்கள், ஓபோ, கிளாரினெட்டுகள், ஹார்ப், நான்கு தந்தி வாத்தியங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. மொத்தமும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மெட்ராஸ், ஜெய்ப்பூர் பாடல்களின் வரிகள் வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியுடையவை. காசிப் பாட்டு புத்தரின் பிறப்பைப் பற்றியது. லாகூர் பாட்டின் வரிகள் யாருடையவை தெரியுமா? ஜெர்மன் கவிஞர் ஹைனே. குளிர் நாட்டில் தனியாக நிற்கும் ஒரு ஊசியிலை மரம், தூர தேசத்துப் பனைமரத்தைக் கனவு காண்கிற கவிதை. லாகூர் என்ற பெயருக்குக் கீழே இந்தியாவே இல்லாத கவிதை. ஆனால் ஐரோப்பா கிழக்கைப் பார்த்து ஏங்கிய ஏக்கம் அதில் அப்படியே இருக்கிறது. தெரிந்தேதான் எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது.

இந்த லாகூர் பாட்டுதான் நான்கிலும் துணிச்சலானது. செல்லோ என்ற பெரிய வயலினை வில்லால் வாசிக்காமல் விரலால் மீட்டி, அப்படியே கம்பியில் வழுக்கச் சொல்கிறார். சிதார், சுர்பஹார் வாத்தியங்களில் வரும் மீண்ட் போலவே கேட்கும். வட இந்திய மேதை இம்தாத் கான் பதிவு செய்த தட்டு ஒன்றின் சாயல் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் பாடகி வார்த்தையே இல்லாமல் வாயை மூடிக்கொண்டு முனகலாக ஒரு ஆலாபனை செய்ய வேண்டும். பாரிஸ் மேடைக்கு இது ரொம்பப் புதுசு.

1914 ஜனவரி 14ல் அரங்கேற்றம். நம்ம ஊரில் பொங்கல் வாரம். பாடியவர் ரோஸ் ஃபேயார். ராவெலின் ‘மல்லார்மேயின் மூன்று கவிதைகள்’, ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘மூன்று ஜப்பானியக் கவிதைகள்’ இரண்டும் அதே கச்சேரியில். இரண்டு மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி. ஆனாலும் டெலாஜின் பாடல்கள் அமுங்கிப் போகவில்லை. இன்றுவரை பாடகிகள் இந்த மூன்றையும் ஒன்றாகவே பதிவு செய்கிறார்கள். அமெரிக்கப் பாடகி டான் அப்ஷா 1991ல் வெளியிட்ட ஆல்பம் அப்படிப்பட்டதுதான்.

அந்த வருஷமே உலகப் போர். கச்சேரிகள் நின்றன, கும்பல் கலைந்தது.

பியானோவுக்குள் ஒரு அட்டை

தாயியின் தட்டு மட்டும் டெலாஜை விடவில்லை. 1912ல் தொடங்கிய வேலை 1922 வரை நீண்டது. தலைப்பு ‘ராகமாலிகா’. ஒரு குரல், ஒரு பியானோ. வரிகள் தமிழ். பிரெஞ்சு எழுத்தில் தமிழ் உச்சரிப்பை எழுதி, பாரிஸ் பாடகியை அப்படியே பாட வைத்தார். மொழிபெயர்ப்பு வேண்டாம், அந்தச் சத்தமே வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தாயியின் தட்டில் எங்கே ராகம் மாறுகிறதோ, எங்கே வேகம் மாறுகிறதோ, அதையும் பின்தொடர்கிறது இசை.

மிருதங்கத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் அவர் ஒரு தந்திரம் செய்தார். பியானோவின் ஒரு குறிப்பிட்ட கம்பிக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். அந்தக் கட்டையைத் தட்டினால் கம்பி கணீரென்று ஒலிக்காமல் ‘தொம்’ என்று அமுங்கும். தோல் வாத்தியத்தின் சத்தம். இசை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. பியானோ கம்பிகளுக்கு நடுவே ஆணி, ரப்பர் எல்லாம் செருகி வாசிக்கும் முறையை அமெரிக்கர் ஜான் கேஜ் 1940 வாக்கில் தொடங்கினார் என்றுதான் பலரும் படிப்பார்கள். எரிக் ஸாத்தி காகிதம் வைத்துப் பார்த்ததும் உண்டு. ஆனால் கேஜுக்குப் பல வருஷம் முன்பே, ஒரு தமிழ்ப் பாட்டின் தாளத்துக்காக பாரிஸ் பியானோவுக்குள் அட்டை போய்விட்டது.

அப்படின்னா இது யாருடைய பாட்டு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. ராகமாலிகாவின் பிரதியில் இசையமைப்பாளர் என்று இருப்பது மொரீஸ் டெலாஜ். மெட்டு அவர் கற்பனையில் உதித்தது இல்லை. தாயி பாடியது. எந்தத் தட்டு, யார் குரல், எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்பதைப் பழைய தட்டுகளையும் இசைப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் அமெரிக்க இசையியல் ஆய்வாளர் ஜேன் பாஸ்லர். அதற்குள் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் மெட்டுகள் இரண்டு பக்கமும் சுதந்திரமாகப் போய்வந்தன. முத்துசுவாமி தீட்சிதர் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாத்தியம் வாசித்த மெட்டுகளை எடுத்து சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அவர் தம்பி பாலுசுவாமி கற்றுக்கொண்ட வயலின், இன்று நம்ம கச்சேரியின் கூடப் பிறந்த வாத்தியம் ஆகிவிட்டது. ஐரோப்பாவிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. தீட்சிதரின் காலத்தில் பேண்ட் மெட்டு என்பது ஊர்ப் பொது. தாயியின் ராகமாலிகை அப்படி இல்லை. எந்த ராகத்துக்குப் பின் எந்த ராகம், எங்கே நிறுத்துவது, எந்த ஸ்வரத்தில் அசைப்பது, மூன்று நிமிஷத்துக்குள் எதை விடுவது, எல்லாம் ஒரு தனி மனுஷியின் முடிவுகள். நம்ம சங்கீதத்தில் பாடுகிறவரே பாதி இசையமைப்பாளர். ஐரோப்பியக் காகிதத்தில் அந்தப் பாதிக்கு இடம் கிடையாது. எழுதியவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

1917ல் தாயி இறந்துவிட்டார். வயது 45. அவர் வந்த தேவதாசி மரபை ஒழிக்கும் சட்டம் 1947ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்கு முன்பிருந்தே அந்த மரபுப் பெண்களின் பெயர்கள் சபா மேடைகளிலிருந்து மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தன. பாரிஸ் மட்டும் தாயியை மறந்தது என்று சொல்லிவிட முடியாது. சென்னையும்தான்.

நண்பனின் கடைசி வருஷங்கள்

போருக்குப் பிறகு டெலாஜின் மனசு ஜப்பான் பக்கம் சாய்ந்தது. 1920களின் நடுவில் ஏழு ஹைக்கூக்களுக்கு இசை அமைத்தார். ஒவ்வொன்றும் நிமிஷக் கணக்கில்தான். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளை வைத்தும் பாடல்கள் எழுதினார். எழுதியதையே திரும்பத் திரும்பச் செதுக்குகிற ஆள். அதனால் அளவு குறைவு. வாழ்நாள் முழுக்க எழுதியதை ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிடலாம்.

1930களில் வாழ்க்கை வேறு வேலையைக் கொடுத்தது. ராவெலுக்கு மூளையைப் பாதித்த நோய் வந்தது. 1932ல் ஒரு டாக்ஸி விபத்துக்குப் பிறகு நிலைமை மோசமானது. தலைக்குள் இசை ஓடும், கை எழுத மறுக்கும். கையெழுத்துப் போடவே திணறுவார். சொல் நாக்கில் வராது. தான் எழுதிய இசையைக் கச்சேரியில் கேட்டு அனுபவிக்க முடியும், புதிதாக ஒரு வரி எழுத முடியாது. ஒரு இசையமைப்பாளருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? அந்த வருஷங்களில் ராவெலை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்ட சிலரில் டெலாஜும் அவர் மனைவியும் உண்டு. 1937 டிசம்பரில் ராவெலுக்கு மூளை அறுவை சிகிச்சை நடந்தது. நினைவு முழுதாகத் திரும்பாமலே டிசம்பர் 28ல் 62 வயதில் இறந்தார்.

டெலாஜ் அதற்குப் பிறகும் 24 வருஷம் இருந்தார். இன்னொரு பெரிய போரைப் பார்த்தார். அவருடைய அடுத்த தலைமுறையில் ஒலிவியே மெஸ்ஸியான் வந்தார். 13ம் நூற்றாண்டு சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களை எடுத்து, ‘துரங்கலீலா’ என்று சமஸ்கிருதப் பெயரிலேயே சிம்பொனி எழுதினார். அவர் தாளங்களைப் பிடித்தது ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் பக்கங்களிலிருந்து. டெலாஜ் பிடித்தது ஒரு பெண்ணின் குரலிலிருந்து.

1961 செப்டம்பரில் பாரிஸில் டெலாஜ் இறந்தபோது வயது 81. ராவெலின் சீடர், ராவெலின் நண்பர் என்றுதான் இன்றும் அவரை முதலில் அறிமுகப்படுத்துகிறார்கள்.

தாயியின் பழைய தட்டுகளை சேகரிப்பாளர்கள் டிஜிட்டலாக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஊசி உரசும் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் இன்னும் தெளிவாகவே கேட்கிறது. டெலாஜின் ராகமாலிகாவுக்கும் பதிவுகள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து ஹெட்போனில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் தாயி, பிறகு பியானோ. தமிழ் தெரியாத ஒரு பாடகி, எழுத்து எழுத்தாகப் படித்து, தமிழ் வரிகளைப் பாடிக்கொண்டு வருவார். பக்கத்தில் அந்த அட்டை செருகிய கம்பி ‘தொம் தொம்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும்.